கலங்கல் தண்ணீருக்கான லென்ஸ்

எந்த லென்ஸ் நல்ல லென்ஸ் என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் தண்ணீரைப் பற்றித்தான் விசாரிப்பேன். காலைப் பார்க்காமல் செருப்பு வாங்கக் கூடாது. தண்ணீரைப் பார்க்காமல் லென்ஸ் வாங்கக் கூடாது.

தெளிந்த தண்ணீர் என்றால் எதைப் போட்டாலும் படம் வரும். கலங்கல் தண்ணீர் அப்படியில்லை. அங்கே ஒரே ஒரு விதிதான். கேமராவுக்கும் பொருளுக்கும் நடுவில் எவ்வளவு குறைவாகத் தண்ணீர் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அதனால் கிட்டப் போக வேண்டும். சாதாரண லென்ஸோடு கிட்டப் போனால் ஆளுடைய மூக்கு மட்டும்தான் படத்தில் விழும். வைடு லென்ஸ் என்றால் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் நின்றுகொண்டே ஆளைத் தலை முதல் கால் வரை எடுத்துவிடலாம். அந்த லென்ஸுக்கு இன்னொரு குணமும் உண்டு. பக்கத்தில் இருப்பதை அது தள்ளி வைத்துக் காட்டும். பழக்கமில்லாதவர்கள் அந்தப் படத்தைப் பார்த்தால், எடுத்தவன் பத்தடி தள்ளி நின்றான் என்று சத்தியமே செய்வார்கள்.

இதை முதல் நாளே நான் உங்களிடம் சொல்லவில்லை, ஐயா. நீங்கள் கேட்கவும் இல்லை.

என்னுடையது பெரிய தொழில் ஒன்றும் இல்லை. கப்பலின் அடிப்பாகம், துறைமுகத் தூண்கள், மதகின் கதவுகள் என்று, தண்ணீருக்குள் இருப்பதால் முதலாளிகள் பார்க்க முடியாதவற்றை நான் இறங்கி வீடியோ எடுத்து வந்து காட்டுவேன். கேமராவைத் தண்ணீர் புகாத உலோகப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவோம். பெட்டிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி. தரையில் தூக்கினால் தோள்பட்டை கழன்றுவிடும்; தண்ணீருக்குள் ஒரு விரலில் நிற்கும். லென்ஸை மாற்றினால் பெட்டியின் முன்கண்ணாடியையும் மாற்ற வேண்டும். வைடு லென்ஸுக்குக் கவிழ்த்த கிண்ணம் போன்ற கண்ணாடி, மற்றவற்றுக்குத் தட்டைக் கண்ணாடி. இதையெல்லாம் மேலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். கீழே போன பிறகு மனம் மாறினால் ஒன்றும் செய்ய முடியாது. கட்டிக்கொண்டதோடு குடித்தனம் நடத்த வேண்டியதுதான்.

லென்ஸை நான் சொல்வேன். மாட்டுவது என் மனைவி.

எங்கள் வீட்டு மாடி அறையைப் பார்த்திருப்பீர்கள். ஜன்னலை எப்போதும் சாத்தித்தான் வைத்திருப்போம். மின்விசிறி கிடையாது, தூசி கிளப்பும் என்று நான்தான் கழற்றிவிட்டேன். மேஜைமேல் வெள்ளைத் துணி. அவள் அந்த அறையில் வியர்க்க வியர்க்க உட்கார்ந்து பெட்டியைப் பிரிப்பாள், துடைப்பாள், மூடிக்கும் உடலுக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் வளையத்தை எடுத்துக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள், கிரீஸ் தடவித் திரும்ப வைப்பாள். உயிர் அந்த வளையத்தில்தான் இருக்கிறது. ஒரு மணல் துகள், ஒரு நூல், ஒரு முடி அதன் குறுக்கே கிடந்தால் போதும். மேலே எல்லாம் சரியாக இருப்பது போலவே இருக்கும். கீழே போகப் போகத் தண்ணீர் அந்த மயிரிழை வழியைக் கண்டுபிடித்து உள்ளே வந்துவிடும். கேமராவும் லென்ஸும் அன்றோடு சரி.

கல்யாணமான புதிதில் ஒரு தடவை அப்படி நடந்தது. பிரித்துப் பார்த்தேன். வளையத்தின் குறுக்கே ஒரு தலைமுடி, நீளமான முடி. வீட்டில் நீள முடி உள்ளவள் ஒருத்திதான். நான் கத்தவில்லை. நான் கத்துகிற ஆள் இல்லை. அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அவளை நாற்காலியில் உட்கார வைத்துத் துணி வெட்டும் கத்திரியால் முடியைக் காதுக்கு மேலே வெட்டிவிட்டேன். ஆடாதே என்று சொல்லியும் ஆடியதால் காது மடலில் கொஞ்சம் பட்டுவிட்டது. அதன் பிறகு மாதம் ஒரு தடவை நானே வெட்டிவிடுவேன். வேலைக்காகத்தான். கேட்டவர்களிடம் அவளும் அப்படித்தான் சொல்வாள்.

அடுத்த தடவை மணல் துகள். இந்த முறை முடியைக் குற்றம் சொல்ல முடியாது. வளையத்தைத் தடவிப் பார்த்த விரல்தான் தவறு செய்தது. அந்த விரலைப் பெட்டியின் விளிம்பில் வைக்கச் சொன்னேன். வைத்தாள். மூடியைப் போட்டுக் கொக்கிகளை இரண்டு பக்கமும் இறுக்கினேன். பிறகு கீழே போய்க் கையைக் கழுவிக்கொண்டு, கொஞ்ச நேரம் செய்தி கேட்டுவிட்டு வந்து திறந்தேன். அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். மருந்து வைத்துக் கட்டுப் போட்டதும் நான்தான். நகம் திரும்ப முளைத்தது, சற்றுக் கோணலாக. அதன் பிறகு எங்கள் பெட்டிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் புகுந்ததில்லை, ஐயா. பலன் இல்லாத காரியம் எதையும் நான் செய்வதில்லை.

இப்போது அவள் தம்பிக்கு வருகிறேன்.

எல்லோரும் அவனைத் தவளை என்றுதான் கூப்பிடுவார்கள். தண்ணீரில் கால் உதைக்கிற அழகுக்காக வந்த பெயர். வாய் ஓயாது என்பதற்காகவும் இருக்கலாம். அவர்களுடைய அம்மா போன பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினான். எனக்கும் கூட இறங்க ஓர் ஆள் தேவைப்பட்டது. நன்றாகவே முக்குளிப்பான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தண்ணீருக்கு மேலே இருந்தால் அவனுக்குப் பேச வேண்டும். மாடி அறையில் பேசக் கூடாது, எச்சில் தெறிக்கும் என்று நான் வைத்திருந்த விதியை அவன் ஒரு நாளும் மதித்ததில்லை. வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு அக்காளை வம்புக்கு இழுப்பான்.

"அக்கா, இந்தப் பெட்டிய நீ துடைக்கிறதப் பாத்தா, மாமாவுக்குக் கழுத்த நீட்டுனியா, பெட்டிக்கு நீட்டுனியான்னே தெரியல."

"சும்மா இருடா. எச்சி தெறிக்கும்."

"தெறிச்சா? மாமா என்ன, என் வாயையும் வெட்டிடுவாரா?"

அவள் சிரித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். நான் வளையத்துக்குக் கிரீஸ் எடுத்துக் கொடுத்தேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் அதைப் பெரிதாக்குவீர்கள். பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு நாள் படகில் போகும்போது கேட்டான்.

"மாமா, அக்கா விரல் கொக்கில மாட்டிக்கிச்சாமே?"

"ஆமா."

"அந்தக் கொக்கி தானா மூடாதே மாமா. ரெண்டு கையால அழுத்துனாத்தானே மூடும்."

"உங்க அக்காவக் கேளு."

"கேட்டேன். நீங்க சொன்னதையே வார்த்த மாறாம சொல்லுது. ஸ்கூல்ல கூட அது இப்படி மனப்பாடம் பண்ணதில்ல."

படகுக்காரர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதன் பிறகு தவளை என்னிடம் அதைப் பற்றிக் கேட்கவில்லை. என்னிடம் வேறு எதைப் பற்றியுமே அதிகம் பேசவில்லை. வாய் ஓயாதவன் பேச்சைக் குறைத்தால் கவனிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். கவனித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் நீங்கள் பார்த்த இந்தப் படத்துக்கான வேலை வந்தது. முக்குளிக்கக் கற்றுக்கொடுக்கிற பள்ளி ஒன்று, மாணவர்களுக்குப் போட்டுக் காட்ட ஒரு சின்ன வீடியோ கேட்டிருந்தது. கீழே ஒருவனுடைய கால் கயிற்றில் சிக்கிக்கொள்கிறது. சிலிண்டரில் காற்றும் தீர்ந்துவிடுகிறது. அவன் பதறாமல் என்ன செய்ய வேண்டும், கூட இருப்பவன் என்ன செய்ய வேண்டும். கழுத்துக்குக் குறுக்கே கையை வெட்டுவது போல இழுத்தால் 'காற்று இல்லை' என்று அர்த்தம். உடனே கூட இருப்பவன் தன் சிலிண்டரிலிருந்து வரும் இரண்டாவது வாய்க்குழாயை நீட்ட வேண்டும். ஆள் முழுதாகத் தெரிகிற மாதிரி, பத்தடி தள்ளி நின்று எடுக்கச் சொல்லியிருந்தார்கள். சிக்கிக்கொள்கிறவனாகத் தவளை நடிப்பதாக ஏற்பாடு.

படப்பிடிப்புக்கு முந்தின வாரம், ஒரு மத்தியானம், வெளியே போன நான் சீக்கிரம் திரும்பிவிட்டேன். சமையலறையில் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மாடிப்படியில் நின்றேன். ஒட்டுக் கேட்டேன் என்று சொல்ல மாட்டேன். அது என் வீட்டுப் படி.

"சாவி வாங்கிட்டேன்க்கா. சின்ன வீடுதான். ஆனா கதவ உள்ளேருந்து பூட்டிக்கலாம்."

"தேடிக்கிட்டு வருவாருடா."

"வரட்டும். கதவுக்கு வெளிய நிக்கட்டும்."

"இந்தப் படம் முடியட்டும். பாதியில போனா அவரு பேரு கெட்டுடும்."

"உன்னத் திருத்த முடியாதுக்கா. சரி, முடிஞ்ச அன்னிக்கே கெளம்பிடணும். துணிகூட எடுக்க வேணாம்."

"சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவாரு?"

"லென்ஸ வறுத்துத் தின்னட்டும்."

அவள் சிரித்தாள். என்னோடு இருந்த காலத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. வாயைப் பொத்திக்கொள்ளாமல் சிரித்தாள். நான் படியில் அப்படியே நின்று, சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டுச் செருப்பைச் சத்தமாகக் கழற்றினேன். உள்ளே பேச்சு நின்றது. அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தவளை வெளியே போய்விட்டான். நுணலும் தன் வாயால் கெடும் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குக் கோபம் வந்தது என்று எழுதாதீர்கள். கோபத்தில் செய்கிறவன் முகம் சிவந்து செய்வான், பிறகு அழுவான். நான் யோசித்தேன். ரப்பர் வளையத்தின் குறுக்கே முடி கிடந்தால் நாம் முடியின்மேல் கோபப்படுவதில்லை. அது நல்ல முடியா கெட்ட முடியா என்று பார்ப்பதும் இல்லை. எடுத்துப் போட்டுவிட்டுப் பெட்டியை மூடுகிறோம். என் வீடு என்கிற பெட்டியை நான் மூடினேன்.

படத்தை ஒரு கல்குவாரியில் எடுப்பதாக இருந்தது. மழைத்தண்ணீர் தேங்கிய குவாரி. அடித்தளத்தில் கிடக்கிற சோடா மூடிகூட மேலிருந்து தெரியும். நான் இடத்தைப் பழைய படகுத்துறைக்கு மாற்றினேன். அங்கே தூண்களின் அடியில் துருப்பிடித்த கம்பிகள் இருக்கின்றன, கால் சிக்குவது இயல்பாகத் தெரியும் என்று பள்ளிக்காரர்களிடம் சொன்னேன். அவர்கள் சந்தோஷப்பட்டார்கள். என் மனைவிதான் கேட்டாள்.

"பழைய துறையில ஒரே சேறாச்சேங்க. பத்தடி தள்ளி நிக்கச் சொல்லியிருக்காங்க. ஒண்ணுமே தெரியாதே."

"வைடு போடு. கிட்டப் போயிக்கிறேன்."

அவ்வளவுதான் பேச்சு. அவள் தட்டைக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வைடு லென்ஸையும் கிண்ணக் கண்ணாடியையும் மாட்டிக் கொடுத்தாள். வளையத்தை இரண்டு தடவை பார்த்தாள். கிளம்பப் போகிறவள் என்று யாரும் சொல்ல முடியாது. அத்தனை அமைதி.

என்னுடைய தவறு அந்த இடத்தில்தான். லென்ஸைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவளுக்கும் தெரியும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. இத்தனை வருடம் என் பக்கத்திலேயே உட்கார்ந்து நான் சொல்லச் சொல்ல மாட்டியவள். ஆனாலும் அதை அவளுடைய அறிவு என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. என்னுடையதை அவளிடம் கொடுத்து வைத்திருக்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன், சாவியைக் கொடுத்து வைப்பது போல.

படகுத்துறையில் அன்று வெயில் நன்றாக இருந்தது. தண்ணீர் மட்டும் கஞ்சித் தண்ணீர் மாதிரி கலங்கிக் கிடந்தது.

"இதுலயா படம் எடுக்கப் போறீங்க?" என்றார் படகுக்காரர். "இதுல கையக் கழுவுனா திரும்ப வீட்டுக்குப் போயி ஒரு தடவ கழுவணுமே."

"நடிக்கிற நம்ம மூஞ்சிக்கு இந்தத் தண்ணி போதும்ணே" என்றான் தவளை. அன்று அவன் உற்சாகமாக இருந்தான். அடுத்த வேளைச் சாப்பாட்டை வேறு வீட்டில் சாப்பிடப் போகிறவன். சிலிண்டரை மாட்டிக்கொண்டே சீட்டியடித்தான்.

தொடையில் கட்டியிருந்த கத்தியைக் கழற்றி வைக்கச் சொன்னேன். "கத்தி இருந்தா கயித்த அறுத்துட்டுப் போயிடலாமேன்னு பாக்குறவன் கேப்பான்" என்றேன். நியாயம்தான் என்று கழற்றிப் படகுக்காரரிடம் கொடுத்தான்.

இரண்டு தடவை எடுத்தோம். கணுக்காலில் கயிற்றைச் சுற்றிக் கம்பியில் கட்டி, ஒரு நுனியை இழுத்தால் அவிழ்கிற முடிச்சாக அவனே போட்டுக்கொண்டான். நடிப்பு மோசம். கழுத்துக்குக் குறுக்கே கையை இழுக்கும்போது அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்க்குழாயைச் சுற்றி நுரை நுரையாகக் குமிழி போனது. இரண்டாவது தடவைக்குப் பிறகு மேலே வந்து, முடிச்சு படத்தில் சரியாக விழவில்லை, இந்த முறை நான் கட்டுகிறேன் என்றேன். திரும்பக் கீழே போய்க் கட்டினேன். இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு.

பிறகு, தோளுக்குப் பின்னால் குழாயைச் சரிசெய்வது போலக் கையை நீட்டி அவனுடைய சிலிண்டரின் திருகை மூடினேன். அவன் விரல்களை வட்டமாகச் சேர்த்து 'சரி' என்று காட்டினான், நன்றி சொல்கிற மாதிரி. நான் பின்னால் வந்து கேமராவை ஓடவிட்டேன்.

திருகை மூடிய பிறகும் குழாயில் மிச்சமிருக்கிற காற்றில் ஒரு சில மூச்சு விடலாம். அவன் நடிக்கத் தொடங்கினான். காலை உதறினான், குனிந்து கயிற்றைப் பார்த்தான், என் பக்கம் திரும்பினான். அடுத்த மூச்சை இழுத்தபோது அது வரவில்லை. அதை நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். புருவம் ஏறியது. குழாய் அடைத்துக்கொண்டது என்று முதலில் நினைத்திருப்பான். பிறகு கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்தான். இந்தத் தடவை சிரிப்பு இல்லை. நான் அசையவில்லை. திரும்பவும் இழுத்தான், வேகமாக. பாடத்திலும் அதே சைகைதானே, அதனால் பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. அவன் என் இரண்டாவது வாய்க்குழாயைப் பிடிக்கக் கையை நீட்டினான். நான் ஒரு கை அளவு பின்னால் நகர்ந்தேன். கயிறு அவனை நிறுத்திவிட்டது. வைடு லென்ஸில் அந்த ஒரு கை அளவு எவ்வளவு தூரமாகத் தெரிந்தது என்பதை நீங்களே பார்த்தீர்கள். படத்தை முதலில் போட்டுப் பார்த்தபோது நீங்கள் என் தோளில் கை வைத்து, "அத்தன தூரத்துலேருந்து நீ என்னப்பா பண்ணியிருக்க முடியும்" என்று சொன்னீர்கள்.

அதோடு கேமராவை நிறுத்தினேன். மிச்சம் படத்தில் இல்லை. அதைத்தான் இப்போது சொல்கிறேன்.

அவன் நல்ல முக்குளிப்பாளன். பதறியது கொஞ்ச நேரம்தான். பிறகு கையை முதுகுக்குப் பின்னால் வளைத்துத் திருகைத் தேடினான். விரல் திருகில் பட்டுவிட்டது. திருப்பவும் தொடங்கிவிட்டான். அதனால் விரல்களை அடிக்க வேண்டியிருந்தது. பெட்டியைக் கைப்பிடியோடு திருப்பி, அடிப்பாகத்தால் அடித்தேன். முன்பக்கத்தால் அடித்திருந்தால் கிண்ணக் கண்ணாடியில் கீறல் விழுந்திருக்கும். தண்ணீருக்குள் வேகமாக அடிக்க முடியாது, ஐயா. எடையை மெதுவாக முன்னால் தள்ளி அழுத்த வேண்டும். சிலிண்டருக்கும் பெட்டிக்கும் நடுவில் விரல்கள் முறிந்தன. தண்ணீருக்குள் சத்தம் தெளிவாகக் கேட்கும், காதுக்குள்ளேயே யாரோ குச்சி ஒடிப்பது போல. மற்றொரு கையால் என் தோள்பட்டையைப் பிடித்தான். அந்தக் கையையும் அப்படியே செய்தேன்.

அதற்குள் அவன் வாயிலிருந்து குழாய் விழுந்துவிட்டது. முகத்தில் ஒரு தடவை அடித்தேன். முகக்கண்ணாடி கழன்று போனது. அப்போது அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். அக்காளுடைய அதே கண். முடியும் முகத்தைச் சுற்றிக் குட்டையாக மிதந்தது. அதன் பிறகும் பல தடவை அடித்தேன். எத்தனை என்று தெரியாது. அவன் அசைவதை எப்போதோ நிறுத்தியிருந்தான். அந்த அடிகளுக்குத் தேவை இருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஏன் அடித்தேன் என்று நீங்கள் கேட்டீர்கள். எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் மற்றதைச் சொன்னது போல அதையும் சொல்லியிருப்பேன்.

முடித்துவிட்டுத் திருகைத் திறந்து வைத்தேன். காற்று இருந்தும் பதறிப்போய்க் குழாயைத் துப்பிவிட்டான் என்று நினைக்கட்டும் என்று. காலில் இருந்த முடிச்சை அவிழ்த்துவிட்டு, அவன் வழக்கமாகப் போடுகிற முடிச்சைப் போட்டு, அதையும் நுனியை இழுத்து அவிழ்த்துவிட்டேன், அவனை விடுவிக்கப் பார்த்தவன் செய்வது போல. அதெல்லாம் சுலபமாக முடிந்தது. ஆடாமல் இருந்தான். முகத்திலும் விரலிலும் இருந்த காயங்களுக்கு, பதறித் தூண்களில் மோதிக்கொண்டான் என்று அங்கே ஒட்டியிருந்த கூரான சிப்பிகள் பதில் சொல்லிக்கொள்ளும். மேலே வந்ததும் படகுக்காரரைப் பார்த்துக் கத்தினேன். என் வாழ்நாளில் நான் கத்தியது அந்த ஒரு தடவைதான். நன்றாகக் கத்தினேன் என்று படகுக்காரரே உங்களிடம் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் எல்லோரும் நம்பினீர்கள். படம் சாட்சி சொன்னது. பத்தடி தள்ளி நிற்கிறவன், நடிப்பு என்று நினைத்துவிட்டான், தெரிந்துகொண்டு கேமராவை விட்டுவிட்டு நீந்திப் போகும்போது நேரம் கடந்துவிட்டது. என் மனைவியையும் கூப்பிட்டு அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினீர்கள். அவளுக்கு ஆறுதலாக இருக்கும், தம்பியைக் காப்பாற்ற முடியாமல் போனது புருஷன் குற்றமில்லை என்று தெரியட்டும் என்று. நல்ல மனதோடுதான் செய்தீர்கள்.

அவள் அழவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னாள். போட்டீர்கள். தவளையின் முகம் திரும்புகிற இடத்தில் நிறுத்தச் சொன்னாள். பிறகு, என்னைப் பார்க்காமல், உங்களிடம் சொன்னாள்.

"சார், இது வைடு லென்ஸ். நான்தான் மாட்டுனேன். அந்தத் தண்ணில இவரு பத்தடி தள்ளி நின்னிருந்தா என் தம்பி மூஞ்சி உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

"என்னம்மா சொல்ற?"

"இவ்ளோ தெளிவா கண்ணு தெரியணும்னா கை எட்டுற தூரத்துல நின்னிருக்கணும். கிட்டப் போயிக்கிறேன்னு இவருதான் சொன்னாரு. பெட்டிய எடுத்துக்கிட்டு வாங்க. அதே தண்ணில இறக்கிப் பாப்போம்."

என்னோடு வாழ்ந்த காலத்தில் அவள் என் முன்னால் வேற்று ஆளிடம் அத்தனை வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேசியதில்லை. நான் அவள் கையைப் பார்த்தேன். அவள் மடியில் வைத்திருக்கவில்லை. மேஜையின் மேல், எல்லோரும் பார்க்க, விரித்து வைத்திருந்தாள்.

மறுநாளே பழைய படகுத்துறைக்குப் போனீர்கள். உங்கள் ஆட்கள் இருவர் இறங்கினார்கள், ஒருவர் கேமராவோடு, மற்றவர் அதன் எதிரே. பத்தடியில் படத்தில் பச்சைச் சேறு தவிர ஒன்றும் இல்லை. பாதித் தூரத்தில் ஒரு நிழல். கை எட்டும் தூரத்துக்கு வந்தபோதுதான் தவளையின் முகம் தெரிந்த அதே அளவில், அதே தெளிவில் ஒரு முகம் தெரிந்தது. பெட்டியை மாட்டிக் கொடுத்தது அவள்தான் என்று கேள்விப்பட்டேன். தண்ணீர் புகவில்லையாம். புகாது. நான் பழக்கியது.

ஆக, கொன்றது நான்தான். திருகை மூடியது, முடிச்சை மாற்றியது, விரல்களை முறித்தது, முகத்தில் அடித்தது எல்லாம் நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. என்னை யாரும் அடித்தோ மிரட்டியோ இதைச் சொல்ல வைக்கவில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஒன்றை மட்டும் தவறாக எழுதிவிடாதீர்கள். அவள் எனக்கு எதிராகச் சாட்சி சொன்னாள் என்று உங்கள் ஆட்கள் வெளியே பேசிக்கொள்வது காதில் விழுந்தது. அப்படியில்லை. ஒரு லென்ஸைப் பற்றி யாரோ தப்பாகப் பேசினால் அவளால் பொறுத்துக்கொள்ள முடியாது, அவ்வளவுதான். அதுவும் என்னிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். அவளுக்கு என்மேல் வருத்தம் இருக்காது. முதலில் கொஞ்ச நாள் இருக்கும், பிறகு யோசித்துப் பார்த்தால் எல்லாம் அவளை என்னோடு வைத்துக்கொள்ளத்தான் செய்தேன் என்பது புரிந்துவிடும்.

நான் இங்கே வந்ததிலிருந்து பார்வையாளர் நேரத்தில் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மற்றவர்களுடைய வீட்டார் வந்து போகிறார்கள். அவள் இன்னும் வரவில்லை. அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை, ஐயா. அவளுக்குத் தனியாக எங்கேயும் போய்ப் பழக்கம் கிடையாது. எங்கே போவதானாலும் தம்பிதான் கூட்டிக்கொண்டு போவான். இப்போது கூட்டி வர ஆள் இல்லாமல்தான் வராமல் இருக்கிறாள்.